பதினைந்து வீதம்

சோளம் கிலோ இருநூறைத் தாண்டிய கிழமை
பியதிலக லொறியைச் சந்தில் நிறுத்தி
ஒரு நீலப் பீப்பாயை உருட்டி இறக்கினான்.
மூடியைத் திறந்தேன்.
பாண் வெந்த மணம்; அதனடியில்
யாரோ நேற்றிரவு சிரித்துவிட்டுப் போன மணம்.

'பியர் சக்கை' என்றான்.
பார்லி தன் இனிப்பையெல்லாம் போத்தலுக்குக் கொடுத்துவிட்டு
உமியும் புரதமுமாய் மிஞ்சியது.
'மாட்டுக்காரர் அள்ளிக்கொண்டு போறாங்க,
கோழிக்கும் சரிவரும், அக்கே.'

மட்டக்குளியில், நாலாம் மாடிக்கும் மேலே,
தண்ணீர்த் தாங்கிக்கும் டிஷ் அன்டெனாவுக்கும் இடையில்
அறுபத்தொரு பேடுகள் எனக்கு.
காலில் இலக்க வளையம். பெயர் வைப்பதில்லை.
பெயர் வைத்தால் கணக்குப் பிழைக்கும்.

பௌமி நானா முட்டைத் தட்டைக் கையில் ஏந்தியபடி கேட்டார்:
'வெறித்தண்ணிச் சக்கை தின்ற கோழியின் முட்டையை
என் கடையில் அப்பத்துக்கு உடைக்கலாமா?'
'வெறி போத்தலோடு போய்விட்டது, நானா.
இங்கே வரப்போவது தானியத்தின் எலும்பு.'
பள்ளியில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார்.
மூன்று நாள் வரவில்லை.

அந்த மூன்று நாளும் பீப்பாய் மூடியே கிடந்தது.
அதுதான் பிழை.
ஈரச் சக்கை யாருடைய தீர்ப்புக்கும் காத்திராது.
ஓரங்களில் சாம்பல் மயிர் முளைத்திருந்தது.
மேலே இருந்ததை வழித்து எறிந்துவிட்டு
அடியில் இருந்ததைப் போட்டேன்.
கஞ்சத்தனம். வேறு சொல் இல்லை.

நாலாம் நாள் நானா வந்தார்:
'பெரியவர் ஆகும் என்கிறார், சின்னவர் யோசி என்கிறார்,
ரெண்டு தட்டுத் தா.'

பிறகு,
ஒன்பது. நாற்பத்துநாலு. பதினேழு.
கொப்பியில் மூன்று சிவப்புக் கோடுகள்.
டொக்டர் இனோக்கா பதினேழைக் கிழித்துக் காட்டினார்:
ஈரல் வெளிறி, தொட்டால் உதிர்ந்தது,
அதிகம் அவித்த மஞ்சள் கருபோல.
'பூஞ்சணம்' என்றார்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
கையுறையைக் கழற்றிவிட்டு
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினார்:
வந்த அன்றே காயவை.
நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போடாதே.
மிச்சத்துக்குத் தவிடு, குறுணல், தேங்காய்ப் புண்ணாக்கு,
முடிந்த மட்டும் சோளம்.
சிப்பித்தூள், இரண்டு தரம் கோடிட்டு.

காயவைக்கப் படங்கு இல்லை.
போன தேர்தலில் தோற்ற ஒருவரின் பதாகை இருந்தது.
விரித்தேன். கும்பிட்ட கைகளின் மேல் சக்கை,
நெற்றியில் சக்கை, 'உங்கள் எதிர்காலம்' என்பதில்
காலம் மட்டும் வெளியே தெரிந்தது.
துறைமுகப் பக்கம் வானம் கறுக்கும்போதெல்லாம்
நாலு மாடியும் ஓடி ஏறி
அவரைச் சுருட்டினேன்.

முதல் கிழமை எச்சம் இளகியது. அடுத்த கிழமை இறுகியது.
சோளம் குறைந்ததில் மஞ்சள் கரு வெளிறிப்போக
பக்கத்து வளவு முருங்கையிலையை உருவிப் போட்டேன்.
நிறம் திரும்பியது, முழுதாக இல்லை.
முட்டை முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று.
சோளக் காலத்தில் ஐம்பது.
தீன் செலவைக் கழித்துப் பார்த்தால்
முன்னைவிடக் கையில் கொஞ்சம் நிற்கிறது.
செத்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இல்லை.
நான் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

மட்டக்குளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள்
என் கையை முகர்ந்தவள்போல் சற்றுத் தள்ளி இருந்தாள்.
சவர்க்காரத்துக்கும் போகாத மணம் அது.
குடித்தவள் என்று நினைத்திருப்பாள்; நினைக்கட்டும்.

இன்று விடிய, இருபத்தாறு
ஓடில்லாத முட்டை ஒன்று போட்டது.
தோல் மட்டும். உள்ளே மஞ்சள் அசைவது தெரிந்தது.
உள்ளங்கையில் இளஞ்சூடாய்,
விரலை மடக்கினால் உடையும்,
விரித்தால் வழுக்கும்.
சிப்பித்தூள் போதவில்லை என்று எழுத வேண்டும்.
கொப்பி ஆணியில் தொங்குகிறது.
பேனா வாயில் இருக்கிறது.